ஜப்பானின் கடலோர வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போயிருக்கிறீர்களா? எல்லோர் முன்னும் உடையில்லாமல் குளிக்கக் கூச்சமாக இருக்காதா?

போயிருக்கிறேன். ஷிராஹாமா என்ற ஊர். வாகயாமா மாவட்டத்தில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கிறது. ஷின்-ஒசாகாவில் குரோஷியோ விரைவு ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலது பக்க இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும்.

கூச்சம் இருந்தது, நிறையவே. நான் முதலில் போனது சாகி-நோ-யு. கடற்பாறைகளுக்கு நடுவே வெட்டவெளியில் இருக்கும் குளம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. துணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் ஒரு சிறு துண்டோடு நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் முகமும் கடல் பக்கம். நீருக்குள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

கீழே இருக்கும் குளத்தில் உட்கார்ந்தால் அலை பாறையில் மோதுவது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கழுத்துவரை சூடு, முகத்தில் மட்டும் குளிர்ந்த காற்று. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது, ஊற்று நீரா கடல் சாரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சுகத்தில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பேசாமல் என் துண்டை வாங்கி, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்து என் தலைமேல் வைத்தார். பாறை விளிம்பைத் தட்டிக் காட்டி உட்காரச் சொன்னார். நீங்கள் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

சாகி-நோ-யுவில் சோப்பு போடக் கூடாது. வாளியில் மொண்டு உடம்பில் ஊற்றிக்கொண்டு இறங்க வேண்டும். மற்ற குளியலிடங்களில் முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் குளத்தில் கால் வைக்க வேண்டும். துண்டு நீரில் படவே கூடாது. பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் சாகி-நோ-யுவை மூடிவிடுவார்கள், அதனால் இரண்டு இரவாவது தங்குவது நல்லது. விடுதியில் தரும் யுகாதாவை, அதாவது மெல்லிய பருத்தி அங்கியை, இடப்பக்கம் மேலே வருமாறு உடுத்துங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லுங்கள், குழம்புச் சாற்றில்கூட மீன் இருக்கும்.

அப்புறம், இந்த ஊரின் பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 657இல் அரிமா என்ற இளவரசன் உடல்நலத்துக்காக என்று சொல்லி இந்த ஊற்றுக்கு வந்தான். ஊருக்குத் திரும்பி அவன் புகழ்ந்ததைக் கேட்டு, மறு ஆண்டு பேரரசி சைமெய் இங்கே வந்தார். அவர் இங்கே இருந்தபோதே அரிமா மேல் சதிக் குற்றம் சாட்டி, கைதியாக இதே ஊற்றுக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். வழியில் இவாஷிரோ என்ற இடத்தில் அவன் ஒரு பைன் மரக் கிளையை முடிச்சிட்டு, நலமாக இருந்தால் திரும்பி வந்து இதைப் பார்ப்பேன் என்று பாடினான். விசாரணைக்குப் பின் திரும்பும் வழியில் அவனைக் கொன்றுவிட்டார்கள். வயது 19.

அவன் குளித்த கரை இதுதான் என்பது அந்த நீரில் இருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒசாகா திரும்பும்போது இவாஷிரோவில் குரோஷியோ நிற்காது. மினாபே நிலையம் தாண்டியதும் அந்த இடம் வரும், தூங்காமல் ஜன்னலோரம் பாருங்கள், இப்போது கடல் இடது பக்கம்.