விளையாட்டுப் பொட்காஸ்ட்டுக்கு விருது: எதைப் பார்த்துக் கொடுப்பது?

தமிழில் விளையாட்டுப் பொட்காஸ்ட் செய்கிறவர்களுக்கு விருது கொடுக்கலாம் என்று மலையகத்துத் தோட்ட இளைஞர் கழகங்கள் சில யோசிக்கின்றன. ஒலிப்பதிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

ஹட்டனிலிருந்து: அண்ணே, அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சிக்கே கொடுத்துவிட்டால் சண்டை வராதே?

சண்டை வராது தம்பி, ஆனால் விருதுக்கு மதிப்பும் இருக்காது. கூட்டம் பெரிய பெயருக்குப் பின்னால்தான் போகும். இணையப் படைப்புகளுக்குக் கொடுக்கும் வெபி விருதில் ஒரே பிரிவுக்கு இரண்டு பரிசு: ஒன்றை நடுவர்கள் தீர்மானிப்பார்கள், மற்றது பொதுமக்கள் வாக்கு. நீங்களும் இரண்டாகவே வையுங்கள், புள்ளிகளைக் கலக்க வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: நல்ல நிகழ்ச்சி என்று நடுவர் எப்படிப் பிடிப்பது?

புதிதாக ஒன்று தெரிய வந்ததா என்று பாருங்கள். முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார், கடைசி விக்கெட் 2010இல் காலியில், அவருடைய கடைசிப் பந்தில் விழுந்தது. இது எல்லாருக்கும் தெரியும். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பையனை, 14 வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழலுக்கு மாற்றினார். அந்தப் பயிற்சியாளர் என்ன பார்த்தார், ஏன் மாற்றச் சொன்னார் என்று தேடிப் போகிறவனுக்குத்தான் என் புள்ளி.

அடுத்தது, கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிகிறதா என்பது. ஒரு தோட்டத்துக் கரப்பந்தாட்ட அணித் தலைவியின் பேட்டி கேட்டேன். "கடைசிப் பந்தை ஏன் தொடவில்லை?" என்றார் பேட்டி எடுத்த தம்பி. அந்தப் பிள்ளை பேசவில்லை. தம்பியும் பேசவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு மெதுவாக, "காலையில கொழுந்து எடுத்துட்டு வந்து ஆடினோம் அண்ணே, கை தூக்க முடியல" என்றது. வேறு யாராவது என்றால் அந்த இடைவெளியை வெட்டி எறிந்திருப்பார்கள். அதை விட்டுவைத்ததுதான் திறமை.

மூன்றாவதாக, சொன்ன பெயரும் ஓட்ட எண்ணிக்கையும் சரியா என்று நடுவரே இரண்டு இடங்களிலாவது சரிபார்க்க வேண்டும்.

லிந்துலையிலிருந்து: லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பதிவு செய்கிறோம். மழை பெய்தால் தகரச் சத்தம்தான். எங்களைத் தள்ளிவிடுவார்களா?

தள்ளக் கூடாது. ஒலித்தரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், பேச்சு விளங்கினால் போதும். மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்து, சுற்றிலும் கம்பளி தொங்கவிடுங்கள். சத்த அளவை ஆப்பிள் சொல்லும் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அருகே வைத்தால், கேட்பவர் அடிக்கடி வொலியூமைத் திருக வேண்டியதில்லை.

பதுளையிலிருந்து: பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. பொதுப் பிரிவிலேயே வெல்லட்டும். நடுவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்.

தலவாக்கலையிலிருந்து: வெளிநாட்டு விருதுக்கு அனுப்பலாமா?

பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருது 2020இல் ஒலிச் செய்திக்குப் பரிசு சேர்த்தது, ஆனால் அது அமெரிக்க ஊடகங்களுக்கானது. மற்றவற்றில் பலவற்றுக்கு டாலரில் கட்டணம். மொழி விதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: நடுவருடைய மச்சான் நிகழ்ச்சியும் போட்டிக்கு வந்தால்?

நம் ஊரில் இது கட்டாயம் வரும். அந்த நிகழ்ச்சிக்கு அவர் புள்ளி போடக் கூடாது, அதைப் பேசும்போது அறையிலும் இருக்கக் கூடாது. இதை விண்ணப்பம் கேட்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.