இறங்குவது சுலபம்தானே?

அன்புள்ள சார்,

வரும் ஜூலையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய அப்பா. மேட்டர்ஹார்ன் மலையின் அடிவாரத்து ஊரான ஜெர்மாட்டில் நான்கு நாள் தங்கல். மேட்டர்ஹார்னை நடந்துபோய்ப் பார்ப்பதா, ரயிலில் போய்ப் பார்ப்பதா? ரயிலில் போவது மலையை ஏமாற்றுவதுபோல எனக்குப் படுகிறது. ஆனால் அப்பாவால் ஏற முடியாது. அதனால் எதிரே உள்ள கோர்னர்கிராட் முகடு வரை எல்லோரும் ரயிலில் போய், அங்கிருந்து ஊர்வரை நடந்தே வந்துவிடலாம் என்று திட்டம். இறங்குவது சுலபம்தானே? ஜூலை சரியான மாதமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள். என்றாவது ஒருநாள் மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொடவேண்டும் என்பது மகனின் ஆசை.

ர., கோவை

அன்புள்ள ர.,

ஜூலை நல்ல மாதம். சாப்பாடு கிடைக்கும். ரொட்டி, தயிர், பாலாடைக்கட்டி, பழம் இருக்கிற நாட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. அங்கே போயும் சாம்பாரைத் தேடாதீர்கள். ரயிலில் போவது ஏமாற்றா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. 1898 முதல் அந்தப் பல்சக்கர ரயில் ஓடுகிறது, மலை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது ஒரே ஒரு வரி. ‘இறங்குவது சுலபம்தானே?’

கொஞ்ச நாளாகவே இதைப்பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன். அண்மையில் பயணக் கட்டுரைகளைக் கத்தையாகப் படிக்கிற வேலை ஒன்று வந்து சேர்ந்தது. பாதிக்குமேல் மலையேற்றம். எல்லாவற்றிலும் ஏறுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, கால் நடுங்குகிறது, அப்புறம் உச்சி, மேகம், கை விரித்து ஒரு படம். கட்டுரை முடிந்துவிடுகிறது. ஒருவர்கூட இறங்கவில்லை. எல்லோரும் இன்னும் மேலேயேதான் நிற்கிறார்களா?

நீங்களும் அவர்களில் ஒருவர்தான். என்ன, ஏறுவதற்கு மட்டும் ரயில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். கோர்னர்கிராட் 3,089 மீட்டர். ஜெர்மாட் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். இடையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். கோவைக்காரரான உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தற்செயலாக அங்கே ஓடுகிற நீலகிரி மலை ரயிலும் இதே ‘ஆப்ட்’ வகைப் பல்சக்கர முறைதான், கோர்னர்கிராட்டுக்கு அடுத்த வருடம், 1899-ல் ஓடத்தொடங்கியது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உங்கள் அப்பாவை நடத்தியே கூட்டிவருவீர்களா? அங்கே தோன்றாத யோசனை சுவிட்சர்லாந்தில் மட்டும் எப்படித் தோன்றுகிறது? காற்று குளிர்ச்சியாக இருந்தால் முழங்கால் மூட்டு இளமையாகிவிடுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது எளிய உடற்கூறு. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, விழப்பார்க்கிற உடம்பை ஒவ்வோர் அடியிலும் தாங்கி நிறுத்துகிறது. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தின் பிரேக் செய்கிற வேலை. அந்த வேலையில்தான் தசையிழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. வலி அப்போதே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஓட்டல் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கும்போது தெரியும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதே, அது பெரிய உபகாரம், நில் என்று சொல்லும். இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை. அதனால் யாரும் நிற்பதில்லை. ஆல்ப்ஸில் நடைபாதைகளில் விழுந்து அடிபடுகிறவர்களில் பெரும்பகுதியினர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள், அதுவும் சும்மா நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது.

மேட்டர்ஹார்ன் என்றால் எல்லோருக்கும் 1865 ஜூலை 14 தெரியும், முதன்முதலாக உச்சியைத் தொட்ட நாள். எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழுவில் ஏழு பேர். மதியம் உச்சி, ஒரு மணி நேரம் அங்கே இருந்தார்கள். நம் பயணக் கட்டுரையாளராக இருந்தால் இங்கே முற்றுப்புள்ளி வைத்திருப்பார். ஆனால் அந்த மலையின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இறங்கும்போது முதல் ஆள் மிஷேல் குரோ, ஷமோனி ஊர்க்காரர், அந்தக் காலத்தின் மிகச்சிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். அவருக்குப் பின்னால் டக்ளஸ் ஹேடோ. வயது பத்தொன்பது, மலை அனுபவம் குறைவு. விம்பர் பிறகு எழுதியதன்படி, குரோ தன் பனிக்கோடரியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையனின் கால்களைக் கையால் பிடித்து, ஒவ்வொன்றாகப் பாறையில் சரியான இடத்தில் வைத்துக் கொண்டிருந்தார்.

இந்த ஒரு வரியைத்தான் நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பா முழுக்கப் பெயர்பெற்ற ஒரு வழிகாட்டி, ஒரு கல்லூரி வயதுப் பையனின் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். உச்சியைத் தொட்டுவிட்ட சந்தோஷத்தில் வேறொருவராக இருந்தால் பொறுமை இழந்திருப்பார். குரோ இழக்கவில்லை. பையனின் காலைச் சரியாக வைத்துவிட்டுத் தான் ஓர் அடி இறங்குவதற்காகத் திரும்பும்போது, ஹேடோ வழுக்கி அவர்மேல் விழுந்தான். எல்லோரையும் பிணைத்திருந்த கயிறு இழுத்ததில் அடுத்திருந்த ஹட்சனும் ஃபிரான்சிஸ் டக்ளஸும் போனார்கள். ஃபிரான்சிஸ் டக்ளஸுக்கும், அவருக்கு அடுத்து வந்த ஜெர்மாட் வழிகாட்டி மூத்த டௌக்வால்டருக்கும் இடையில் கயிறு அறுந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள், விம்பரும் டௌக்வால்டர் தந்தையும் மகனும் மிஞ்சினார்கள். மூத்த டௌக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. விசாரணை அவரை விடுவித்தது, ஊர்வாய் விடவில்லை. அவர்கள் கட்டியிருந்தவற்றிலேயே நைந்த, மெல்லிய கயிறு அது. அறுந்த துண்டு இன்றும் ஜெர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் மகனை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள். குரோவின் கல்லறையும் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

மகனின் ஆசையைப்பற்றி இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். 1865-லிருந்து இதுவரை அந்த மலையில் 500க்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். பதினைந்து வயதில் ஆசைப்படட்டும், தப்பில்லை. நீங்கள் ஆசைப்பட்டுவிடாதீர்கள்.

ஜெர்மாட்டில் எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஈழத்தமிழர். ஒரு ஓட்டலில் சமையல்காரர். தட்டுக் கழுவுகிற வேலையில் சேர்ந்து, மெல்ல மெல்ல அடுப்புக்கு வந்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ஓட்டல்காரர்களுக்கு ஓய்வு உண்டு, சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். மற்றவர்கள் படுத்துத் தூங்குகிற அந்த நேரத்தில் இவர் கோர்னர்கிராட் ரயிலேறி, நடுவழி நிலையமான ரிஃபெல்பெர்க்கில் இறங்கி, நடந்தே ஊருக்கு வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொள்வார். பல வருடப் பழக்கம். ஒருமுறை என்னையும் சேர்த்துக்கொண்டார். என் காலைப் பார்த்ததும் முதல் கேள்வி: “உந்தச் சப்பாத்தோடயோ வாறியள்?” சப்பாத்து என்றால் அவர்கள் பேச்சில் ஷூ.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறைமேல் என்னை உட்காரவைத்தார். நாடாவை முழுக்க அவிழ்க்கச் சொன்னார். குதிகாலைப் பின்னால் தள்ளித் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, கணுக்கால் வளைகிற இடத்தில் இறுக்கி, அங்கே ஒரு முடிச்சு, மேலே இன்னொன்று. அப்படிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது, விரல் நுனி சப்பாத்தில் முட்டாது. முட்டினால் நகம் கறுத்து, ஊருக்குத் திரும்பியபிறகு கழன்று விழும். என் விரல் நகத்தைக் காட்டச்சொல்லி, “வெட்டேல்லையோ?” என்று சலித்துக்கொண்டார். அவர் கையில் யாரோ கழித்துப்போட்ட ஒற்றைப் பனிச்சறுக்குக் கோல் இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டார்.

நான் பேசிக்கொண்டே நடந்தேன். யாழ்ப்பாணம், அகதி விண்ணப்பம், சுவிஸ் ஜெர்மன் மொழி என்று கேட்பதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. அவர் நின்றார். “இறங்கேக்க கதையாதேங்கோ. கதைக்கிறதெண்டா நிண்டு கதையுங்கோ.” நின்று பேசினோம், பிறகு பேசாமல் நடந்தோம். அவர் அடிகள் மிகச் சின்னவை, முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருந்தது. லார்ச் என்ற ஊசியிலை மரங்களின் வேர் குறுக்கே கிடந்தால் அதன்மேல் மிதிக்கவே மாட்டார், தாண்டுவார். ஈர வேர்தான் பாறையைவிட மோசமாம். எதிரே மேட்டர்ஹார்ன் முழுசாகத் திறந்து நின்றது, அவர் தலையைத் தூக்கவேயில்லை. நீங்கள் பார்க்கவில்லையே என்றேன். “உதை நான் குசினி யன்னலுக்கால ஒவ்வொரு நாளும் பாக்கிறன். நீங்கள் நிண்டு பாருங்கோ, நடந்து பாக்காதேங்கோ.”

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். கோர்னர்கிராட் வரை எல்லோரும் ரயிலில் போங்கள். காலையிலேயே போங்கள், காற்று எழுவதற்கு முன்னால். மேலே அப்பாவை வேகமாக நடக்கவிடாதீர்கள், அது மூவாயிரம் மீட்டர். திரும்பும்போது ஒரு நிலையம் கீழே, ரோட்டன்போடனில் இறங்குங்கள். அங்கிருந்து ரிஃபெல் ஏரி கொஞ்ச தூரம்தான், மேட்டர்ஹார்ன் தலைகீழாக நீரில் தெரியும். அங்கிருந்து ரிஃபெல்பெர்க் வரை நீங்களும் மகனும் நடக்கலாம். அப்பாவும் உங்கள் மனைவியும் ரோட்டன்போடனுக்கே திரும்பி ரயிலேறட்டும், அல்லது மனைவி உங்களோடு வந்து, நீங்கள் அப்பாவோடு போங்கள். அந்தப் பெருமாட்டியிடம் எது விருப்பம் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அவர் வெறும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்.

வழியில் மஞ்சள் பலகைகள் நிற்கும். அவற்றில் பொதுவாகத் தூரம் இருக்காது, நேரம் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு சேர்க்கப்படவில்லை, உங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு போட்டிருந்தால் மலைப்பாதை, நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை–நீலம்–வெள்ளை கண்டால் மகன் எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பிவிடுங்கள். ரிஃபெல்பெர்க்கில் முழங்கால் நன்றாக இருந்தால் ரிஃபெலால்ப் வரை போகலாம். அங்கேயும் ரயில் நிற்கும். இரண்டு இடத்திலும் நின்று யோசித்து முடிவெடுங்கள், ரிஃபெலால்ப்புக்குக் கீழே காட்டுக்குள் நினைத்த இடத்தில் ரயிலைப் பிடிக்க முடியாது.

சப்பாத்தைக் கோவையிலேயே வாங்கி, போவதற்கு முன் ஒரு மாதம் போட்டு நடங்கள். கடையில் மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். மகனுக்கு வளர்கிற கால், அவனுக்கு மட்டும் கடைசி வாரத்தில் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.