தாத்தாவின் .315 ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாமா?

கேள்வி: காலமான தாத்தாவின் .315 ரைஃபிளில் ‘ஆர்.எஃப்.ஐ. 1968’ என்று பொறித்திருக்கிறது. இது உலகப் போர்க் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கி, பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று கூறி ஒரு தரகர் விலை பேசுகிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்த எழுத்துகள் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையைக் குறிப்பவை. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெடிமருந்து தயாரிக்கப்பட்ட இடத்தில், 1904இல் நிறுவப்பட்ட அரசு ஆலை அது. ராணுவத்துக்கான, இங்கிலாந்து வடிவமைப்பான .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களைப் பல பத்தாண்டுகள் செய்த அந்த ஆலை, அதே இயக்க அமைப்பை வைத்தே .315 ரைஃபிளையும் செய்ததால், பார்வைக்கு அது இங்கிலாந்துத் துப்பாக்கி போலவே இருக்கும். ராணுவத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற காலனி ஆட்சியின் எச்சரிக்கையால்தான் குழல் அளவு .303 அங்குலத்திலிருந்து .315 ஆக மாறியது.

இன்னொரு வலையும் உண்டு. ‘இதே ஆலை 7.62 மி.மீ. ரைஃபிளும் செய்தது, குழலை மாற்றினால் போதும்’ என்பார்கள். 1962 சீனப் போருக்குப் பின் வந்த அந்த ‘2ஏ’ ரைஃபிள், பலரும் நினைப்பதுபோல் பழைய .303இல் குழல் மாற்றியது அன்று. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்யப்பட்டு, தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியும் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினும் மாற்றியமைக்கப்பட்டது. உங்கள் துப்பாக்கியில் அந்த வேலையைச் செய்தால் உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம்.

பழம்பொருள் விலக்கு ஆயுதச் சட்டம், 1959இன் 45ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வழக்கொழிந்ததாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். துரு ஏறியிருப்பது சுட முடியாமை ஆகாது; ஒரு உறுப்பு காணாமல் போயிருப்பதும் ஆகாது, அதை மாற்றிப் பொருத்திவிடலாம் அல்லவா? 1968இல் செய்த ரைஃபிளுக்கு இந்த விலக்கு அநேகமாகக் கிடைக்காது.

ஆகவே உடனே அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ 21ஆம் பிரிவின்படி ஒப்படைத்துவிட்டு, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதத்துடன் மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். கோப்பு மேசை மேசையாக அலைந்து, கொடுத்த ஆவணத்தையே மீண்டும் கேட்பார்கள். இந்தத் தாமதம்தான் தரகர்களை வாழ வைக்கிறது. ஒப்படைக்குமுன், துப்பாக்கியின் உடல்பகுதியிலும், குழலின் பின்புறத்தை அடைக்கும் நகரும் உறுப்பான போல்ட்டிலும் உள்ள எண்களை ஒப்பிட்டு, இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று இழைத்துப் பொருத்தப்படுவது. வேறொன்றை மாட்டித் திருப்பித் தந்தால், ரசீது இன்றி உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.