வாசகர் கேள்வி – பதில்: தளபதி, ஆளுநர், சேம்பர்லேன்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற ஜோஷுவா சேம்பர்லேன் பின்னர் மெய்ன் மாநில ஆளுநராகவும் இருந்தார் என்று படித்தேன். போர்ப் புகழ் தந்த பதவி என்பதற்கு மேல், பொதுவாழ்வில் அவர் செய்தது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அது அவர் ஆளுநராக இருந்தபோது செய்ததன்று என்பது என் கருத்து.

1828-இல் மெய்னின் புரூவர் நகரில் பிறந்த சேம்பர்லேன், பௌடன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1862-இல் படையில் சேர்ந்த அவர், மறு ஆண்டு ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கின் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில், தோட்டாக்கள் தீரும் நிலையிலிருந்த 20-ஆவது மெய்ன் படைப்பிரிவைத் துப்பாக்கி முனைக் கத்திகளோடு கீழ்நோக்கிப் பாயச் செய்து, தாம் சார்ந்த வடபடையின் (வட மாநிலங்களின் ஒன்றிய அரசுப் படை) இடக்கோடியைக் காத்தார். 1864 ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் குண்டு அவருடைய இடுப்பைத் துளைத்துச் சென்றது. பிழைக்க மாட்டார் என்றே கருதிய வடபடையின் தலைமைத் தளபதி கிராண்ட் அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். அவர் பிழைத்து, 1865 ஏப்ரலில் அப்பமட்டாக்ஸில் ஆயுதங்களை ஒப்படைக்க வந்த தென்படையினருக்குத் தம் வீரர்களைக் கொண்டு படைமரியாதை செய்வித்தார்.

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். குடியரசுக் கட்சி சார்பில் 1866-இல் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்ற சேம்பர்லேன், ஓராண்டுப் பதவிக்காலத்தை நான்கு முறை வகித்தார். மதுவிலக்கைச் செயல்படுத்தத் தனிக் காவல்படை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்காததால், மதுவிலக்கு ஆதரவாளர்கள் அவர்மீது சினம் கொண்டனர். 1871 முதல் 1883 வரை பௌடன் கல்லூரியின் தலைவராக இருந்தார்.

நான் மிக உயர்வாக மதிக்கும் நிகழ்ச்சி 1880 ஜனவரியில் நடந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் பதவிக்கு யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை; அப்படியானால் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மாநிலச் சட்டமன்றம். சட்டமன்ற இடங்களின் வாக்கு எண்ணிக்கையிலும் மோசடி நடந்ததாகப் புகார் எழுந்து, குடியரசுக் கட்சியினரும் அவர்களை எதிர்த்தவர்களும் தாங்களே முறையான சட்டமன்றம் என்று உரிமை கோரினர். தலைநகர் அகஸ்டாவில் ஆயுதமேந்தியவர்கள் திரண்டிருந்த வேளையில், பதவிக்காலம் முடிந்த ஆளுநர் கார்சலன், மாநிலக் குடிப்படையின் (தேவையின்போது அழைக்கப்படும் குடிமக்கள் படை) தளபதியாக இருந்த சேம்பர்லேனிடம் அமைதி காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் செய்த முதல் காரியம், அரசு மாளிகையில் நிறுத்தப்பட்டிருந்த ஆயுதக் காவலர்களை வெளியே அனுப்பியதுதான். குடிப்படையை வரவழைக்கும்படி வந்த நெருக்குதல்களை மறுத்து, உள்ளூர்க் காவலரின் துணையோடு காத்திருந்தார். தம்மைக் கொல்ல வந்ததாகச் சொல்லப்பட்ட கூட்டத்தின் எதிரே தாமே சென்று நின்றார். தம் சொந்தக் கட்சியினர் உட்பட எவருடைய உரிமைக்கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை யாரும் ஆளுநர் அல்லர் என்பதில் உறுதியாக நின்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்களில் தீர்ப்பு வந்து, குடியரசுக் கட்சியின் டேனியல் டேவிஸ் பதவியேற்றதும், தம் பொறுப்பு முடிந்ததாக அறிவித்து விலகிக்கொண்டார்.

கையில் படை இருந்தும், தாம் விரும்பிய தரப்புக்கு வெற்றி தேடித்தர அதைப் பயன்படுத்தாத இந்தக் கட்டுப்பாட்டைக் குன்றுப் போரைவிட அரியதாகவே நான் கருதுகிறேன். குன்றில் எதிரி யார் என்பது தெளிவாக இருந்தது. அகஸ்டாவில் அவரை நெருக்கியவர்களில் அவருடைய அரசியல் நண்பர்களும் இருந்தனர். அதன் பின் அவர் தேர்தல் பதவி எதையும் வகிக்கவில்லை. 1893-இல் அவருக்கு வழங்கப்பட்ட மெடல் ஆஃப் ஆனர் என்ற அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருதும் கெட்டிஸ்பர்க்குக்காகத்தான். வாழ்நாள் முழுதும் வருத்திய பீட்டர்ஸ்பர்க் காயத்தின் விளைவுகளால் 1914-இல், தம் 85-ஆவது வயதில், போர்ட்லாந்தில் காலமானார்.