ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் இணையதளம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கோப்புகளை பேக்கப் எடுக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள். ஆனால் இணையதளத்தைப் பார்த்தால் கல்லூரி பிராஜெக்ட் போல இருக்கிறதாம். நிறுவனங்கள் தயங்குகின்றன. எங்களில் டிசைனர் யாரும் இல்லை, பெரிதாகச் செலவு செய்யவும் முடியாது. நல்ல தீம் (ஆயத்தத் தள வடிவமைப்பு) ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: தீம் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். விலைக்கு விற்கப்படும் தீம்கள் பலவற்றின் உரிமம், அவற்றின் மூலக் கோப்புகளைப் பொதுவில் வெளியிட அனுமதிப்பதில்லை. தளத்தின் நிரலையும் திறந்த ரெப்போவில் (நிரல் கோப்புகளைச் சேமிக்கும் பொது இடத்தில்) வைக்க நினைத்தால் அங்கேயே சிக்கல் வரும்.

அதைவிட, உங்கள் தளத்துக்குப் புதிதாக வருகிறவரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். தன் கோப்புகளை முன்பின் தெரியாத மூன்று பேர் எழுதிய மென்பொருளிடம் ஒப்படைக்கலாமா என்று தயங்கி நிற்கிறார் அவர். இது இன்னும் பராமரிக்கப்படுகிறதா, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, எந்த உரிமம், பாதுகாப்புக் குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்றுதான் கண் தேடும். நீங்கள் நேற்றுகூட நிரலை மாற்றி கமிட் (பதிவு) செய்திருக்கலாம். ஆனால் ‘புதிய செய்திகள்’ பகுதியில் மேலே இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு என்றால், திட்டம் கைவிடப்பட்டது என்றே நினைப்பார். தொடர்ந்து எழுத முடியாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். பதிவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்தில் பதிப்பு எண்ணும் வெளியீட்டுத் தேதியும் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அது தானாக மாறும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் மறந்துபோகும் வேலையும் இல்லை.

எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். தோற்றத்தில் எந்த ஆடம்பரமும் கிடையாது. ஆனால் இது என்ன என்று முதல் வாக்கியமே சொல்லிவிடும், அண்மைப் பதிப்பும் தேதியும் அங்கேயே இருக்கும், ஆவணங்களும் அவ்வளவு விரிவாக இருக்கும். அதை யாரும் பொழுதுபோக்குத் திட்டம் என்று நினைப்பதில்லை.

அந்த முதல் வாக்கியத்துக்கு ஒரு நாள் முழுவதும் செலவழித்தாலும் தகும். ‘அடுத்த தலைமுறைத் தரவுப் பாதுகாப்புத் தீர்வு’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. ‘லினக்ஸ், விண்டோஸ் கணினிகளில் உள்ள கோப்புகளை என்கிரிப்ட் செய்து, உங்கள் சொந்த சர்வரில் பேக்கப் எடுத்து வைக்கும் இலவசக் கருவி’ என்றால், தனக்கு வேண்டியதுதானா என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் கருவி செய்வது வேறாக இருக்கலாம். எதுவானாலும் இந்த அளவுக்குத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இப்போதைய பதிப்பின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஓடும் கருவி என்றால் கட்டளையையும் அதற்கு வரும் பதிலையும் படமாகப் போடாமல் எழுத்தாகவே கொடுங்கள், நகலெடுக்க வசதியாக இருக்கும்.

தோற்றத்துக்கு வருவோம். டிசைனர் இல்லாத குழு செய்யக்கூடிய நல்ல காரியம், இருப்பதைக் குறைப்பது. படிக்க ஒரு எழுத்துரு, நிரலுக்கு ஒன்று, பொத்தானுக்கும் இணைப்புக்கும் சேர்த்து ஒரே அழுத்தமான நிறம். வரிகள் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம், ஆனால் கண் மங்கியவர்களுக்கு அது பெரிய தொல்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்கிறது, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை நெறிமுறையின் ஏஏ என்ற நடு நிலை. பிரவுசரின் டெவலப்பர் கருவியிலேயே அதைச் சோதிக்கலாம். லோகோவைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்காதீர்கள்.

தளத்தைக் கட்ட ஹியூகோ, ஜெகில், எம்கேடாக்ஸ் போன்ற ஸ்டாட்டிக் தளக் கருவி (பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் திறந்த உரிமத்தில் எளிமையான தீம்கள் நிறையவே உண்டு. பக்கங்கள் மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவத்தில்) ரெப்போவிலேயே இருந்தால், எழுத்துப்பிழையைக் காண்கிறவர் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரிக்கை) அனுப்பியே திருத்திவிடுவார்.

பழைய இணைப்புகளை மட்டும் உடைத்துவிடாதீர்கள். யாரோ ஐந்து வருடத்துக்கு முன் தன் குறிப்பில் சேர்த்து வைத்த உங்கள் பக்கம் 404 (பக்கம் இல்லை) என்று காட்டினால், அதுவரை சேர்த்த நம்பிக்கை போய்விடும். முகவரி மாறும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 ரீடைரக்ட் (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் வழி) கொடுங்கள். கிட்ஹப்பின் தள வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸில் அதை நாமாக அமைக்க வழியில்லை. அங்கே ஜெகிலின் ரீடைரக்ட்-ஃப்ரம் செருகுநிரல் கைகொடுக்கும்.

வெளியிடுவதற்கு முன் பழைய பயனர்களிடம் காட்டிவிடுங்கள். ரஸ்ட் நிரலாக்க மொழியின் தளம் 2018 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய முகப்பில் இருந்த நிரல் எடுத்துக்காட்டு காணாமல் போனது. நெடுநாள் பயனர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். அப்புறம், உங்கள் கருவியைக் கேள்விப்பட்டே இராத ஒருவரை உட்காரவைத்து, தளத்தை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டாலே அடுத்த மாதத்துக்கான வேலைப் பட்டியல் தயார்.

கடைசியாக, பேக்கப் கருவி என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். ‘கோப்புகளை மீட்பது எப்படி’ என்ற பக்கத்துக்கு முகப்பிலேயே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இணைப்பு கொடுங்கள். அதைத் தேடி வருகிறவர் பதற்றத்தில் இருப்பார். அவருடைய கணினி செத்துப்போயிருக்கலாம், கையில் மொபைல் மட்டுமே இருக்கலாம். அதனால் அந்தப் பக்கம் சின்னத் திரையில், மெதுவான இணைப்பிலும் சட்டென்று திறக்கிறதா, நீளமான கட்டளைகள் பாதியில் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா என்று முதலில் அதைச் சோதித்துவிட்டு மற்ற பக்கங்களுக்குப் போங்கள்.