பழனிக்கு நடக்க டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் கோட்டையூரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 56 வயது, மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 22,000 ரூபாய். நான் சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் செய்து விற்கிறேன். மாதம் 9,000 கையில் நிற்கும், தை மாதம் அது இரண்டு மடங்காகும். மகனுக்கு வேலை கிடைத்தால் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டியிருந்தோம், கிடைத்துவிட்டது. வரும் தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் நடக்கப் போகிறோம். ஒரு பாதயாத்திரைக் குழுவில் ஆளுக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டிலோ, ஊருக்கு ஊர் லாட்ஜில் தங்கினால்தான் உடம்பு தாங்கும், 40,000 ஆகும் என்கிறார்கள். வங்கியில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது, ஏப்ரலில் முடிகிறது. அதை இப்போதே எடுத்துவிடலாமா, மகளிர் குழுவில் கடன் வாங்கலாமா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. – வாசகி, கோட்டையூர்

பதில்: இரண்டும் வேண்டாம். டெபாசிட் ஏப்ரல் வரை அப்படியே இருக்கட்டும், மகளிர் குழுக் கடன் பலகாரத் தொழிலுக்கு மட்டும் இருக்கட்டும். பழனிக்கு நடப்பதற்கு 40,000 ஆகாது. ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட செலவு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது அதுதான்.

முதலில் பாதையைப் பார்ப்போம். வழி தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படுகிற அந்தப் பழைய வழிதான் உங்களுக்கும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மருதிப்பட்டி, சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், செம்மடைப்பட்டி, ஒட்டன்சத்திரம், ஆயக்குடி, பழனி. காரைக்குடியிலிருந்து 160 கிலோமீட்டருக்குக் குறையாது. காவடிக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அவர்கள் தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்குப் போட்டு, பங்கு வைத்துச் செய்துகொள்கிற ஏற்பாடு. அதை நம்பிக் கையை வீசிக்கொண்டு கிளம்பக் கூடாது.

முதல் முறை நடக்கிறவர்கள் ஏழு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் திருப்பத்தூர், இரண்டாம் நாள் சிங்கம்புணரி, மூன்றாம் நாள் சமுத்திராப்பட்டி, நான்காம் நாள் நத்தம் தாண்டி கோபால்பட்டி, ஐந்தாம் நாள் திண்டுக்கல், ஆறாம் நாள் ஒட்டன்சத்திரம், ஏழாம் நாள் பழனி. ஆறாம் நாள்தான் நீளம். முடியவில்லை என்றால் செம்மடைப்பட்டியில் படுத்துவிட்டு எட்டு நாளாக்கிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. விடிவதற்கு முன் மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுங்கள். பிறகு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடக்கலாம். தை மாதம் என்று பெயர்தான், பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இனி குழு. ஆளுக்கு 6,500 என்பது நியாயமா என்று கேட்டால், சாமான் வண்டி இருந்தால் நியாயம், இல்லாவிட்டால் இல்லை. நீங்கள் இருவரும் குழு இல்லாமல் தனியாகப் போவதாக வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாடு, டீ, கட்டணக் குளியலறை எல்லாம் சேர்த்து இருவருக்கு நாளைக்கு 700 வீதம் ஏழு நாளுக்கு 4,900. வழியில் இரண்டு ராத்திரி மட்டும் லாட்ஜ், அது 2,400. பழனியில் ஒரு ராத்திரிக்கு 2,500. திரும்பி வர பஸ், ஆட்டோ 500. மருந்து 800, டார்ச், தண்ணீர் பாட்டில் மாதிரி சில்லறைச் சாமான் 500, அர்ச்சனை, பஞ்சாமிர்தம் 1,500. கூட்டினால் 13,100. குழுவில் இருவருக்கு 13,000. மருந்தும் கோயில் செலவும் குழுவில் தனியாகச் சேரும், அதனால் குழு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் குழுவோடு போனால் முதுகில் மூட்டை இல்லை. பாய், போர்வை, மாற்றுத்துணி, மாத்திரை எல்லாம் வண்டியில் முன்னால் போய்விடும். ஏழு நாள் நடைக்கு அது பெரிய காரியம்.

பணம் கொடுப்பதற்கு முன் குழுக்காரரிடம் சிலவற்றைக் கேளுங்கள். போன வருஷத்து ஐந்தொகையை, அதாவது வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். செட்டிநாட்டில் வரவு செலவு எழுதாமல் எந்தத் தர்மமும் நடந்ததில்லை, கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கை, கல்யாண மண்டபமா, பள்ளிக்கூடமா, சத்திரமா, அங்கே பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் உண்டா என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்று சொன்னால் அந்த இடம் இன்னும் பேசப்படவில்லை என்று அர்த்தம். திரும்பி வரும் பஸ் இந்தத் தொகைக்குள் அடங்குமா, பாதியில் உடம்பு முடியாமல் திரும்பினால் என்ன கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். முன்பணமாகப் பாதி, மீதி புறப்படும் அன்று. கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் லாட்ஜ் என்பது நடக்காத காரியம். சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் இருக்கிற அறைகள் எத்தனை, நடக்கிற கூட்டம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அதோடு மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு நான்கைந்து மணி நேரத் தூக்கத்துக்கு முழு நாள் வாடகை வீண். குழுவில் போனாலும் ஒரே ஒரு இடத்தில் அறை எடுங்கள் என்பேன், அது திண்டுக்கல். ஐந்தாம் நாள் அது. கால் வீங்கியிருக்கும், வெந்நீரில் குளித்து, துணி துவைத்து, மெத்தையில் ஒரு பகல் படுத்தால் மீதி அறுபது கிலோமீட்டரை நடந்துவிடலாம். அதற்காக 1,200 ரூபாய் செலவு செய்வதில் தப்பே இல்லை.

அன்னதானத்தை நம்பிச் சாப்பாட்டுக் காசைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். திண்டுக்கல்லைத் தாண்டினால் பந்தல்கள் நெருங்கி வரும், பல திசைக் கூட்டமும் அங்கே ஒன்று சேருகிறது. அதற்கு முந்தின நான்கு நாள் கைக்காசு வேண்டும். இன்னொன்று, உங்கள் வீட்டுக்காரருக்குப் பந்தல் சாப்பாடு ஒத்துவராது. கேசரி, சர்க்கரைப் பொங்கல், டீயில் இரண்டு கரண்டிச் சீனி என்றுதான் கையில் திணிப்பார்கள். அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது.

சர்க்கரை விஷயத்தைப் பணக் கணக்காகவே சொல்கிறேன். நீங்கள் வெறுங்காலோடு நடந்தால் அது உங்கள் வேண்டுதல். அவரை மட்டும் வெறுங்காலோடு விடாதீர்கள். சர்க்கரைக்காரருக்குக் காலில் கல் குத்தினாலும் தெரியாமல் போகலாம், கொப்புளம் புண்ணாகி ஆறாமல் நின்றால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் டெபாசிட்டையே கேட்கும். ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, விடியற்காலை நடைக்கு மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் பழகின செருப்போ கேன்வாஸ் ஷூவோ போதும். புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினால் குன்றக்குடி தாண்டுவதற்குள் கடித்துவிடும். தினமும் நடை நிறுத்தியதும் அவர் உள்ளங்காலை நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள், அவர் “ஒண்ணுமில்லை” என்று சொல்வதை நம்பாதீர்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கட்டும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும், ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சொல்லாத செலவு. தை மாதம் உங்களுக்கு 18,000 வருகிறது. நடை ஏழு நாள், திரும்பி வந்து கால் தேற நான்கைந்து நாள், ஆகப் பன்னிரண்டு நாள் அடுப்பு எரியாது. அது 7,200 ரூபாய். கடையில் சம்பளத்தோடு லீவு கிடைக்காவிட்டால், நாளைக்கு 733 வீதம் ஒன்பது நாளைக்கு இன்னொரு 6,600. இரண்டும் சேர்த்தால் 13,800, குழுவுக்குக் கொடுப்பதை விடக் கூடுதல்! இதைக் கணக்கில் எடுக்காததால்தான் பலரும் யாத்திரை முடிந்து மாசி மாதம் கைமாத்துக்கு அலைகிறார்கள்.

இதை முழுக்கத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். மார்கழியில் கல்யாணம் இல்லை, உங்களுக்கும் ஆர்டர் மந்தமாக இருக்கும். அப்போதே அரிசி இடித்து மாவு வறுத்து, பாசிப்பருப்பு வறுத்து வைத்துக்கொண்டால் தை பிறந்த முதல் நாட்களில் இரட்டை வேலை பார்க்கலாம். ஈரமாவில் செய்யும் அதிரசத்தை விட்டுவிடுங்கள். சீப்புச்சீடை நாள்பட நிற்கும். பூச வாரத்தில் வரும் கல்யாண ஆர்டருக்கு முன்கூட்டியே சுட்டு டின்னில் அடைத்து, யாராவது தெரிந்தவர் மூலம் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அவருக்கு ஏதாவது கொடுத்தாலும் பாதி வருமானம் கையில் நிற்கும். வீட்டுக்காரர் முதலாளியிடம் இப்போதே பேசட்டும். பழனிக்கு நடக்கிறேன் என்று சொன்னால் நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் சம்பளத்தைப் பிடிக்க மனசு வராது. ஆனால் முந்தின நாள் போய்ச் சொன்னால் வரும்.

ஆக, தயாராக வைத்திருக்க வேண்டியது குழுவுக்கு 13,000, திண்டுக்கல் அறை, வழிச்செலவு, மருந்து, கோயில் செலவுக்கு 4,000, தொடாமல் வைத்திருக்க அவசரத்துக்கு 5,000. மொத்தம் 22,000. பூசத்துக்கு மூன்று மாதம் இருந்தால் மாதம் 5,000 சேர்த்துவிட முடியும் உங்கள் வருமானத்தில். 7,000 குறைகிறது என்றால் மகனிடம் கேளுங்கள், அவன் வேலைக்காகத்தானே நடை. கேட்க மனமில்லை என்றால் வங்கிக்குப் போய், டெபாசிட்டை உடைக்காமல் அதன் மேல் கடன் கேளுங்கள். வழக்கமாக டெபாசிட் வட்டியை விட ஒன்று, இரண்டு சதவீதம் கூடுதலாகப் போடுவார்கள். முழுசாக 20,000 ரூபாயே வாங்கினாலும், 9 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 450 ரூபாய்தான். ஏப்ரலில் டெபாசிட் முடியும்போது கழித்துக்கொள்வார்கள்.

உடைத்தால் என்ன ஆகும்? 7 சதவீதத்தில் இரண்டு வருஷத்துக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் முன்னால் எடுத்தால், பணம் இருந்த 21 மாதத்துக்கு உரிய வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை அபராதமாகக் குறைப்பார்கள். 2 லட்சத்துக்கு 3,500 ரூபாய் வரை போகலாம். 450 எங்கே, 3,500 எங்கே? அதோடு, உடைத்த பணத்தில் மீதி 1,78,000 சேமிப்புக் கணக்கில் கிடந்து தானாகக் கரையும். அதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

பழனிக்கு வந்துவிட்டோம். பூசத்தன்று அங்கே ராத்திரி தங்க நினைக்காதீர்கள். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம், வேலவன் விடுதி மாதிரி இடங்களுக்கு முன்கூட்டியே முயன்று பாருங்கள், பூச நாட்களில் கிடைப்பது கஷ்டம். தனியார் லாட்ஜ்காரர்கள் அன்று சொன்னதுதான் விலை. இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேருகிற மாதிரி கிளம்பினால் அறையும் கிடைக்கும், தரிசனமும் நிம்மதியாக இருக்கும். வேண்டுதல் நடப்பதற்குத்தான், நெரிசலுக்கு இல்லை. குழு பூசத்தன்றுதான் போகும் என்றால் தரிசனம் முடித்ததும் பஸ் ஏறிவிடுங்கள். விஞ்ச் வரிசையில் மணிக்கணக்கில் நிற்பதை விட யானைப் பாதையில் மெதுவாக ஏறுவது ஏழு நாள் நடந்த காலுக்குச் சுலபம்.

மலைமேல் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். போன் கீழே போனால் ஜிபேயும் கீழே போனது போலத்தான். எனவே அர்ச்சனைச் சீட்டு, பஞ்சாமிர்தம், உண்டியலுக்கு நோட்டாக எடுத்து வையுங்கள். வழி முழுக்க ஆளுக்கு 1,500க்கு மேல் ரொக்கம் வேண்டாம், திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் எங்கும் ஏடிஎம் உண்டு. நகையைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு மற்றதை லாக்கரில் வையுங்கள். வீடு பூட்டியிருக்கும் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். பழனியிலிருந்து வரும் வெளியூர் பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் உண்டு.

கடைசியாக ஒரு 20 ரூபாய். விடியாத நேரத்தில் ரோட்டோரம் நடக்கப் போகிறீர்கள். பை மேலும் முதுகு மேலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், அதோடு பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருவர் கணக்கிலும் இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியம், விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், 70 வயது வரை எடுக்கலாம். மே கடைசியில் தானாகப் பிடிப்பார்கள், அப்போது கணக்கில் பணம் இல்லாமல் பலருக்கும் விட்டுப் போயிருக்கும். அப்படி விட்டுப் போயிருந்தால் முன்பணம் கொடுக்கப் போகும் அன்றைக்கே வங்கியிலும் ஒரு படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.