நாய்க்குட்டியின் ஊசிக்குக் காப்பை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை நான். வீட்டில் இரண்டு மாத நாய்க்குட்டி, நான்கு வயதுப் பூனை, மகளின் இரண்டு முயல்கள். எல்லாவற்றுக்குமான ஒரு வருடத் தடுப்பூசிப் பொதிக்கு 48,000 ரூபாயை முன்கூட்டியே கட்டச் சொல்கிறது ஒரு தனியார் கிளினிக். காப்பை அடகு வைப்பதா, சீட்டைக் கேட்டெடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஒன்றில் வட்டி, மற்றதில் கழிவு. தவணை தவணையாகப் போடும் ஊசிக்கு மொத்தமாகக் கடன் எதற்கு?

முதலில் பொதியைப் பிரித்து, எந்த நோய்க்கு எந்த ஊசி, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். அதில் விசர்நாய்க்கடி ஊசி இருந்தால் கழித்துவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் அதை அரச சுகாதாரப் பிரிவினரே இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் பகுதிக்கு எப்போது வருவார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். தடுப்பூசி அட்டையை மட்டும் தொலைக்காதீர்கள், வருடா வருடம் தேவைப்படும்.

முயல் ஊசிதான் எனக்கு இடிக்கிறது. மிக்சோமாடோசிஸ், முயல் குருதிப்போக்கு நோய் இரண்டுக்கும் பிரித்தானியாவில் வருடந்தோறும் போடுகிறார்கள். இங்கே உங்கள் முயலுக்கு அது ஏன் என்று அரச கால்நடை வைத்தியரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கையில் இருக்கும் காசு குட்டிக்குத்தான் முதலில். குட்டிகளை வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வாட்டும் பார்வோ வைரஸ் நோய் வந்தால் நாட்கணக்கில் சேலைன் ஏற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு ஊசி விலையை எங்கேயோ தாண்டிவிடும், குட்டி பிழைப்பதும் நிச்சயமில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை ஊசி போட வேண்டும். சம்பளம் வரும் வாரத்தில் தவணையை வைத்துக்கொண்டால் கடன் இல்லாமலே முடியும். அதுவரை கடற்கரைக்குக் கூட்டிப் போக வேண்டாம். பூனைக்கு அதே மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை.

அடுத்த வருடம் இருவருக்கும் ஒரு பூஸ்டர். அப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களின் இன்னொரு வைரஸ் நோய்) போன்றவற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். காசு கொடுத்துப் போடுவதில் நாயின் எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வருடந்தோறும் வரும், ஒக்டோபர் மழைக்கு முன் போடுவது நல்லது. ஆக, முதல் வருடம்தான் பாரம். இரண்டாம் வருடமும் அதே 48,000 என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

தவணைகள் முடிந்ததும் மாதம் 1,500 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். நிலையான வைப்பு வேண்டாம், அவசரத்துக்கு உடைக்க வேண்டி வரும். அடுத்து வருவது குட்டியின் கருத்தடைச் சத்திரசிகிச்சை. அதை இலவசமாகச் செய்யும் முகாம் பக்கத்தில் நடக்கிறதா என்றும் பரிசோதகரிடம் அப்போதே விசாரித்து வையுங்கள்.